வெள்ளீயத்தைத் தங்கம் என்றவர்

ஏஞ்சலைப் பற்றிச் சொல்கிறேன். பொறுமைசாலி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அவள் ஒரு ஆளைக் கவிழ்த்தாள். அவசரப்படாமல், வாயைத் திறக்காமல் கவிழ்த்தாள். நான் அதற்குத் துணை போனேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் வெட்கம் கிடையாது.

அவள் என் தம்பி தாவீதின் மகள். எங்கள் அப்பன் காலத்தில் எங்களுக்குக் கையகல மண் இல்லை. அடுத்தவன் வயலில் இறங்கினால்தான் சோறு. தாவீது ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி மஞ்சள்காமாலையில் போனாள். அதற்கு முன்பே என் புருஷன் போய்விட்டான், குடித்தே போனான். அதனால் நான் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். சின்ன காஞ்சிபுரத்து மார்க்கெட்டில் கருவாடு விற்கிறேன். ஏஞ்சல் படித்தாள், படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். காலேஜில் கவுரவ விரிவுரையாளர். கவுரவம் பேரில் மட்டும்தான், சம்பளத்தில் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம்கூடக் கம்ப்யூட்டரை மூடாமல் பேசினாள். அவர்கள் மிக்சரைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன். கோயிலுக்குப் போய் வந்து, நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"செத்துப்போன நட்சத்திரம் அத்தை" என்றாள்.

"உயிரோட இருக்கிறதெல்லாம் பாத்து முடிச்சிட்டியா?"

"கேளு அத்தை. சூரியன் மாதிரி ஒண்ணு எரிஞ்சு முடிச்சிடுது. மிச்சம் இருக்கிறது சுருங்கி நம்ம பூமி சைசுக்கு ஆயிடுது. எடை மட்டும் சூரியன் எடைக்குக் கிட்டக்க. எரிய ஒண்ணும் இல்லை, ஆனா சூடு அடங்கல. வெள்ளையா தகதகன்னு இருந்துக்கினே இருக்குது."

"சரி. அதுல உனுக்கு இன்னா வேலை?"

"அம்மாம் எடை இழுக்குதே, கனமான பொருள் எல்லாம் அடிக்குப் போயிடணும். லேசானது மட்டும்தான் மேல இருக்கணும். ஆனா ரொம்ப சூடா இருக்கிற சிலதுல பாத்தா இரும்பு, துத்தநாகம், அதைவிடக் கனமானதெல்லாம் மேலேயே நிக்குது."

"எப்பிடி நிக்கும்?"

"வெளிச்சம் தூக்கி நிறுத்துது அத்தை. உள்ளேர்ந்து வர்ற வெளிச்சம் அவ்ளோ வேகமா மேல தள்ளிக்கினு இருக்குது. சூடு குறைஞ்சா தள்ள ஆளில்லை. எல்லாம் இறங்கிடும்."

"எலெக்சன்ல தோத்தவனாட்டம்."

சிரித்தாள். அங்கே யாரும் போய்ப் பார்க்காமல் இரும்பு இருக்கிறது, துத்தநாகம் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். வெளிச்சத்தை வானவில்லைப்போல விரித்தால் நடுவில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்குமாம். ஒவ்வொரு பொருளுக்கும் கோடு விழும் இடம் வேறு. இரும்பின் இடத்தில் துத்தநாகம் விழாது. இவள் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பூமிக்கு மேலே சுற்றும் தொலைநோக்கி அதைப் பிடித்து வைக்கிறது. பிடித்து வைத்ததை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம், தாவீது மகளும் இறக்கிக்கொள்ளலாம்.

"ஒரே ஒரு தொல்லை அத்தை. நட்சத்திரத்தோட கனம் வெளிச்சத்தைப் புடிச்சு இழுக்குது. நட்சத்திரமும் சும்மா இல்லாம நகருது. அதனால மொத்தக் கோடும் கொஞ்சம் தள்ளி விழும். அதை அதோட எடத்துக்கு நகத்தி வெச்சிட்டுத்தான் பேர் சொல்லணும்."

கருவாட்டை ஊறவைக்கிற நேரத்தில் எனக்கு இது புரிந்துவிட்டது. இதற்கு எதற்கு இத்தனை வருஷப் படிப்பு என்றுதான் புரியவில்லை.

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி பேராசிரியர் பரமசிவம். பட்டு முதலாளி வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா நூலை ஒரு வீட்டுக்குச் சாயம் போட அனுப்புவார், இன்னொரு வீட்டுக்குப் பாவு ஓட்ட அனுப்புவார், மூன்றாவது வீட்டில் தறிக்குப் போகும். சாயம் போட்டவனுக்குத் தறிக்காரன் யாரென்று தெரியாது. முழுச் சேலையை முதலாளி மட்டும்தான் பார்ப்பார். மகன் ஆராய்ச்சியையும் அப்படியே நடத்தினார். தாமல் பக்கத்திலிருந்து வரும் துர்கா என்கிற பெண் கோடுகளை அளந்து கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். அளந்ததை இடத்துக்கு நகர்த்திப் பெயர் சொல்வது அவருடைய அக்கா மகன் பாலாஜி. ஒருவர் வேலையை மற்றவர் எட்டிப் பார்க்கக்கூடாது.

ஏஞ்சல் மட்டும் பாலாஜி சேருவதற்கு முன்பே வந்தவள். அவளே அளப்பாள், அவளே நகர்த்துவாள், அவளே பெயர் சொல்வாள். அப்படித்தான் ஒரு நட்சத்திரத்தில் யாரும் பார்க்காத கோடுகளைக் கண்டுபிடித்தாள். வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அந்த ஈயம். சூரியனில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக அந்தச் செத்த நட்சத்திரத்தின் மேலே நிற்கிறது. ஓடிப்போய் அவரிடம் காட்டினாள். அவர் "பென் டிரைவ்ல போட்டுக் குடும்மா" என்றார். கொடுத்தாள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

துர்காவும் பாலாஜியும் அங்கேயே நின்றிருந்தார்கள். "இந்த ஆராய்ச்சிப் பேப்பர் பாலாஜி பேர்ல போகும்" என்றார்.

"சார், அது நான் கண்டுபிடிச்சது."

"இருக்கட்டும். கூலிக்கு நெய்யறவன் பேரை எந்தச் சேலையிலம்மா போடுறாங்க? பெட்டி மேல முதலாளி பேருதான் இருக்கும்."

"நான் கூலி வாங்கல சார்."

"வாங்காதது என் தப்பா?" என்றார். பாலாஜி சிரித்தான். பிறகு மற்ற இரண்டு பேர் பக்கம் திரும்பினார். "இன்னிலேருந்து ஆராய்ச்சி சம்பந்தமா இந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கேக்கவும் கூடாது. மீறினா உங்க தீசிஸ்ல என் கையெழுத்து விழாது."

வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அவன் வாசல்ல கருவாடு கழுவின தண்ணிய ஊத்திட்டு வரட்டா? பூஜை புனஸ்காரம்னு இருக்கிற வீடு. தெருவே மூக்கைப் புடிக்கும்."

"வேணாம் அத்தை. அந்த நாத்தம் ரெண்டு நாள்ல போயிடும்" என்றாள். "எனக்கு ரெண்டு நாள்ல போறது வேணாம்."

அன்றைக்குத்தான் இவள் எங்கள் ரத்தம் என்று எனக்கு நிச்சயமானது.

அப்புறம் ஒரு நாள் தாவீது சவாரி விட்டுவிட்டு வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பரமசிவத்துக்கு பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்றான். கோட்டு சூட்டு போட்ட படம். பக்கத்தில் பாலாஜி. மேலே கொட்டை எழுத்து.

"இன்னான்னு போட்டிருக்குது?" என்று கேட்டேன்.

"'விண்மீனில் தங்கம் கண்ட காஞ்சியின் தங்கமே வருக'ன்னு போட்டிருக்குதுக்கா. மண்டபத்துல பாராட்டு விழாவாம். நியூஸ் பேப்பர்லயும் வந்திருக்குதாம்."

ஏஞ்சல் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். "தங்கமா? தங்கம்னா போட்டிருக்குது?"

"தங்கம்தான். படத்துல அவர் தலைக்குப் பின்னாடி மஞ்சளா ஜொலிக்குது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, முதுகைத் தட்டினேன். அப்புறம் சொன்னாள். துர்கா அளந்ததெல்லாம் பச்சை அளவு, நகர்த்தாதது. பாலாஜி அதைத்தான் எப்போதும் நகர்த்துவான். ஏஞ்சல் பென் டிரைவில் கொடுத்தது ஏற்கெனவே நகர்த்தி முடித்தது. அது அவனுக்குத் தெரியாது. துர்கா கொடுத்ததைப் போலத்தான் இதுவும் என்று நினைத்து, இன்னொரு தடவை நகர்த்திவிட்டான்.

"சாயம் போட்ட நூலை மறுபடி சாயத் தொட்டியில முக்கிட்டான் அத்தை. வெள்ளீயத்துக் கோடு எடத்தை விட்டு நகந்து போயி, தங்கத்தோட கோடு விழவேண்டிய எடத்துல குந்திக்கிச்சு. இவருக்குத் தங்கம்னதும் வாயில எச்சி ஊறியிருக்கும். யாரும் சரிபார்க்கல."

"உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா?"

"ஒரே வார்த்தை. இதை நகத்திட்டியா இல்லையான்னு. அதைக் கேக்கக்கூடாதுன்னுதானே சார் உத்தரவு போட்டாரு."

தாவீது வெளுத்துப் போனான். "இப்பவே போன் பண்ணி சொல்லிடும்மா. பெரிய மனுசன் அசிங்கப்படப்போறாரு."

"சொன்னா திருத்திக்குவாருப்பா. அப்புறம் வெள்ளீயமும் அவரு கண்டுபிடிச்சதாயிடும். என் பேரு அதுல வரவே வராது."

"வாயைத் தொறந்த, நீ என் தம்பி மகளே இல்லை" என்றேன் நான்.

அவள் திறக்கவில்லை. தொலைநோக்கியின் வெளிச்சத்தைப் புதிதாக இறக்கி, அளந்து, நகர்த்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தன் பேரில் எழுதினாள். விழா முடிந்த பிறகுதான் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தாள். அதற்கு முன்னால் அனுப்பினால் அவர் காதுக்கு எட்டிவிடும், மாற்றிக்கொள்வார். அத்தனை ஜனத்துக்கு முன்னால், மாலையும் கழுத்துமாக, அவர் தன் வாயால் தங்கம் என்று சொல்லவேண்டும். அது அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

இடையில் ஒன்று குறுக்கே வந்தது. பரமசிவத்தின் பேப்பரில் துர்காவின் பேரும் இருந்தது.

"மார்க்கெட்டுல துர்கா வந்தா சொல்லு அத்தை. பேரை எடுத்துக்கச் சொல்லு. ஏன்னு மட்டும் சொல்லாத."

"எதுக்கு? அவன் பேசாதன்னதும் வாயைத் தச்சிக்கினு போனவதானே? அவளும் சேர்ந்து முழுகட்டும்."

"அவ அளந்தது எல்லாம் சரி அத்தை. நானே எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடு தப்பில்லை."

"அவ போயி வாத்தியார்கிட்ட ஊதிட்டான்னா?"

"ஊதிட்டா எல்லாம் போச்சு" என்றாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் பழி அவளுடையது. யாரை முழுகடிப்பது, யாரை விடுவது என்பதும் அவளுடைய பாடு.

துர்கா வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் என்னிடம்தான் கருவாடு வாங்குவாள். வந்தாள். "ஆயா, நெத்திலி எப்பிடி?" என்றாள்.

"நெத்திலி அப்புறம். உனக்கு ஒரு சேதி இருக்குது."

முகம் சுண்டிப்போனது. சுற்றிப் பார்த்தாள். "அவங்ககிட்ட பேசினது தெரிஞ்சா சார் என்னை…"

"நீ அவகிட்டயா பேசுற? கருவாட்டுக்காரிகிட்ட பேரம் பேசுற. குனிஞ்சு பொறுக்குற மாதிரி கேளு. அந்தத் தங்கப் பேப்பர்லேர்ந்து உன் பேரை எடுத்துக்கோ. விழாவுக்கு முன்னாடி எடுத்துக்கோ."

"ஏன் ஆயா?"

"ஏன்னு கேக்கக்கூடாதுன்னு உங்க வாத்தியார் சொல்லிக் குடுக்கலியா?"

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனா இது அவன் காதுக்குப் போச்சு, தாமல் ஏரிக்கரைக்கே வந்து உங்க சனம் மொத்தமும் கேக்குற மாதிரி உன்னைக் கிழிப்பேன். கால் கிலோ போடட்டா?"

வாங்கிக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. போன் அடித்தால் ஏஞ்சல் தூக்கிவாரிப் போட்டு எழுவாள். பரமசிவம் கூப்பிட்டு "நகத்திட்டியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவாரோ என்ற பயம். சாப்பிட்டது தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கவே கூடாது" என்று நான் ஏசினேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

விழா காலையில் நடந்தது. நானும் அவளும் போனோம். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டேன். மேடையில் நட்சத்திரம் ஒன்றை வரைந்து, அதற்குத் தங்கக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பட்டுக்கடைக்காரர்கள் வரிசையாகச் சால்வை போட்டார்கள். பரமசிவம் மைக்கைப் பிடித்தார். "ஜரிகையில தங்கம் பார்க்கிற ஊர் நம்ம ஊர். நான் அதை வானத்துல பார்த்தேன்" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

ஏஞ்சலின் கண் மேடையில் இல்லை. துர்காவைத் தேடியது. பாலாஜி மேடையில் இருந்தான், துர்கா இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், எங்களைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள். பரமசிவமே மைக்கில் சொன்னார்: "கூட வேலை செஞ்ச ஒரு மாணவி, தன் பங்கு ரொம்பச் சின்னதுன்னு சொல்லி, தானாவே பேரை விலக்கிக்கிட்டா. அந்தப் பணிவு எல்லாருக்கும் வேணும்." அதைச் சொன்னபோது அவர் கண் எங்கள் பக்கம் வந்து போனது.

ஏஞ்சல் என் கையை இறுக்கினாள். துர்கா ஊதவில்லை. அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பங்காளி குறைந்தான் என்று மகிழ்ச்சியாகப் பேரை எடுத்திருக்கிறார்.

கூட்டம் மேடை ஏறி வாழ்த்துச் சொன்னது. ஏஞ்சலும் எழுந்து வரிசையில் நின்றாள். இது நாங்கள் பேசி வைத்ததில் இல்லாதது. நானும் பின்னாலேயே போனேன்.

"வாழ்த்துகள் சார்" என்றாள்.

"வாம்மா, வாம்மா. கோவம் எல்லாம் போச்சா?"

"தங்கம்தானே சார்? நிச்சயமா?"

பக்கத்தில் கடைக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள். அவர் சிரித்தார். "நிச்சயம். ஏன், உன் கண்ணுக்கு வேற ஏதாவது தெரியுதா?"

"இல்லை சார். சரி சார்."

படி இறங்கும்போது, எதற்கடி கேட்டாய் என்று காதைக் கடித்தேன். "ஒரு தடவை கேட்டுட்டேன் அத்தை. நாளைக்கு நான் கேக்கலைன்னு யாரும் சொல்லக்கூடாது" என்றாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அனுப்பினாள். பிறகு மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள், மூன்று தடவை சோறு கேட்டாள்.

அவளுடைய பேப்பரை எல்லோரும் பார்க்கும்படி இன்டர்நெட்டிலும் போட்டாள். அது தங்கம் இல்லை, வெள்ளீயம், எப்படித் தப்பு நேர்ந்தது என்று முழுசாக எழுதியிருந்தாள். வெளிநாட்டில் இந்த நட்சத்திரங்களையே பார்க்கிற ஆட்கள், அவர்களும் அளந்து பார்த்து, இவள் சொன்னதுதான் சரி என்றார்கள். பரமசிவத்தின் பேப்பரைப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. தங்கம் என்று எழுதிய செய்தித்தாளே, தங்கம் இல்லையாம் என்று எழுதியது. சால்வை போட்டவர்கள் அவர் வந்தால் பேச்சை மாற்றினார்கள். சின்னப் பையன்கள்கூட 'ஈயம் வருது' என்றார்கள் என்று தாவீது சொன்னான். எனக்கு அன்றைக்கு வியாபாரம் ஓடாதபோதும் மனசு நிறைந்திருந்தது.

ஒரு மாலை அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஏஞ்சல் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் டீ போடவில்லை.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு திருத்தம் போட்டுடலாம்மா" என்றார். குரல் தழைந்திருந்தது. "உன் பேர் முதல்ல. என் பேர் கடைசியில இருந்தா போதும். ஒரே குழுவில நடந்த சின்னக் குழப்பம்னு சொல்லிடலாம். நான்தானே உன் கைடு. உன் தீசிசும் என் கையிலதான் இருக்குது. யோசிச்சுக்கோ."

"தெரியும் சார்."

"தப்புன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"என்கிட்ட யாரும் பேசக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. நான் உங்க பேச்சை மீறல."

அவர் என்னைப் பார்த்தார். "பெரியவங்க, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் இன்னாத்தைச் சொல்றது? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மண்டபத்துல நீ தங்கம்னு சொன்ன, நானும் கைதட்டினேன்."

அவர் ஏஞ்சல் பக்கம் மறுபடி திரும்பினார். "கடைசியா கேக்கறேன். சேர்ந்து போடலாமா?"

"வேணாம் சார்" என்றாள். சத்தம் போடவில்லை, தலையையும் குனியவில்லை. "அதுல ஒரு பேர்தான் இருக்கும்."

அவர் எழுந்து போனார். தீசிஸ் போயிற்று. அவர் கையெழுத்துப் போடவில்லை. இத்தனை வருஷம் உழைத்தும் அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. வேறு ஊரில் வேறு ஒருவரிடம் முதலிலிருந்து பதிவு செய்திருக்கிறாள், சனிக்கிழமை தோறும் ரயில் ஏறிப் போகிறாள். தாவீது அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறான், கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாம் என்கிறான். போன வாரம் அவளிடமே கேட்டேன், அந்த ஆள்மேல் இப்போதாவது இரக்கம் வருகிறதா என்று. தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"இல்லை அத்தை" என்றாள். "சீப்பை எங்க வெச்ச?"

அவள் கையில்தான் இருந்தது.